பதினாறு பவுண்டும் ஒரு கட்டைவிரலும்

காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கினால் அது முழுசாக இருக்க வேண்டும். சட்டை வாங்கினால் கை நுழைய வழி இருக்கும். பானை வாங்கினால் வாய் இருக்கும். ஆனால் விரல் விட்டு உருட்டுவதற்கென்றே செய்த பந்தை, விரல் விட ஓட்டையே இல்லாமல் விற்கிறார்கள். இதைப் பற்றி நாட்டில் ஒருத்தருக்கும் கோபம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒருத்தன்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயம் முடிந்திருந்த சமயம். நான் சென்னைக் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு அருப்புக்கோட்டை வீட்டில் இருந்தேன். ஸ்டெல்லாவின் அண்ணன் அருள் துபாயிலிருந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பௌலிங் ஆடுகிறவர். வழவழ பலகைத் தரையில் கனத்த பந்தை உருட்டி, அந்தக் கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்ப்பார்களே, அந்த விளையாட்டுதான்.

“ஞாயித்துக்கிழமை ஒங்க கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறாகல்ல. பூசை முடிஞ்சதும் அப்படியே ரெண்டு வீட்டுக்காரவுகளும் மதுரைக்குப் போவோம் மச்சான். அங்க ஒரு மால்ல பௌலிங் இருக்கு. ஆடத் தெரியும்ல?” என்றார் போனில்.

நான் கம்பெனிக்காரர்களோடு ஒரே ஒருமுறை ஆடியிருக்கிறேன். அன்றைக்குக் கால் வழுக்கி விழுந்தபோது கையிலிருந்து போன பந்து பத்துக் கட்டையையும் சாய்த்துவிட்டது. (விழுந்ததை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, நான் ஏன் சேர்க்க வேண்டும்?) “தெரியுமாவா, எங்கிட்ட சொந்தப் பந்தே இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை வைத்த கையோடு அந்தச் சொந்தப் பந்தைத் தேடி இணையத்தில் இறங்கினேன்.

ஆறு பவுண்டிலிருந்து பதினாறு பவுண்டு வரை இருந்தது. புதிதாக ஆடுகிறவர்கள் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம் என்று ஆலோசனை வேறு. என் ஒல்லி உடம்புக்கு அது பச்சைப்பிள்ளைகள் உருட்டுகிற பந்தாக வந்தது. கல்யாணம் ஆகப்போகிறவன், மாமனார் பார்க்க, அதையா தூக்குவது? பதினாறையே அமுக்கினேன். ஏழு கிலோவுக்கு மேல். விவரக்குறிப்பில் ‘அன்ட்ரில்டு’ என்று ஒரு வார்த்தை இருந்தது. ஏதோ தரச்சான்று என்று நினைத்து மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பந்து எத்தனை கனம் என்று அம்மா கேட்டாள். பதினாறு பவுண்டு என்றேன். அம்மாவுக்குப் பவுண்டு தெரியாது, பவுன் தெரியும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, மாப்பிள்ளை பொண்ணுக்குப் பதினாறு பவுன் எடுத்துவிட்டான் என்று ஆகிவிட்டது. பந்தல்குடியிலிருந்து ஸ்டெல்லாவின் அம்மா போன் போட்டு, “இதெல்லாம் எதுக்குத் தம்பி” என்று கண் கலங்கினார்கள். இதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன்.

பெட்டி வந்தது. கருநீலத்தில் பளபளவென்று ஒரு குண்டு. உருட்டி உருட்டிப் பார்க்கிறேன், ஓட்டையைக் காணோம். அப்பா எட்டிப் பார்த்தார். அப்பா முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர், ஒரு வார்த்தையில் முடிவதற்கு இரண்டு வார்த்தை செலவழிக்க மாட்டார்.

“ஆட்டுக்கல்லுக்கா?” என்றார்.

விற்றவர்களுக்குப் போன் போட்டால் ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். ‘அன்ட்ரில்டு’ என்றால் ஓட்டை போடாதது, அதை வாங்குகிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டுமாம், அவரவர் விரலுக்குத் தகுந்தபடி அதற்கென்றே உள்ள கடையில். அப்படிக் கடை எங்கே இருக்கிறது என்றேன். என் ஊரைக் கேட்டாள். சொன்னேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆயிரம் அடிக்கு போர் போட்டுப் புழுதியை மட்டும் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே பக்கத்தில் இன்னொரு போர் போடுகிற சீமை எங்களுடையது. ஓட்டை போடுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பந்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தங்கராசு அண்ணனிடம் போனேன்.

“பூ, இம்புட்டுத்தானா” என்றார் அவர். என் விரல்களை ஒவ்வொன்றாக அளந்தார். மூன்று ஓட்டை போட்டார். கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன், பிடித்தது.

“இறுக்கமா இருக்கேண்ணே.”

“இறுக்கமா இருந்தாத்தான்டா பிடி நிக்கும். லூசா இருந்தா நழுவி எவன் காலுலயாச்சும் விழுகும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்புமுன் வீட்டு முற்றத்தில் ஒரு ஒத்திகை பார்த்தேன். கையை வீசினேன். பந்து போகவில்லை. பந்து இருந்த இடத்துக்கு நான்தான் போனேன். கட்டைவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வீங்கியது. தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். சோப்பு நுரை போட்டார்கள். அம்மா ஒரு பக்கம் என்னையும் அப்பா மறுபக்கம் பந்தையும் இழுத்தார்கள். நான் கோயிலுக்கு வரவில்லை என்றேன்.

“ஓலை வாசிக்கிற அன்னைக்கு மாப்பிள்ளையக் காணோம்னா, ஓடிப்போயிட்டான்னு ஊரே சொல்லும். துண்டப் போட்டு மூடிக்கிட்டு வா” என்றார் அப்பா. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் மாதா கோயிலில் ஆண்கள் பக்கம் முதல் வரிசை ஓரத்தில் ஸ்டெல்லாவின் அப்பா, என் வருங்கால மாமா, உட்கார்ந்திருந்தார். சிமெண்ட் கடை முதலாளி, கஞ்சி போட்ட வேட்டி, வெறும் கால். அவருக்குப் பின்வரிசையில் நான், மடியில் துண்டு மூடிய பந்தோடு. பக்கத்தில் இருந்தவர்கள் காணிக்கைப் பூசணிக்காய் என்று நினைத்திருக்க வேண்டும். பூசை முழுக்க எழுந்தேன், உட்கார்ந்தேன், முழங்காலில் நின்றேன், எல்லாம் ஏழு கிலோவோடு. (அந்தப் பூசைக்கு எனக்கு இரட்டிப்புப் பலன் வர வேண்டும்.)

பூசை முடிவில் எல்லோரும் உட்கார்ந்தோம். பங்குச் சாமியார் ஓலையை எடுத்தார். எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் அறிவித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்லுவார்கள். என் பேரை வாசித்தார். ஸ்டெல்லா பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். காலையிலிருந்து விறைத்துப் போயிருந்த என் கை அப்போதுதான் முதல்முறையாகத் தளர்ந்தது. எண்ணெயும் சோப்பும் அந்த நேரம் பார்த்து வேலை செய்தன. கட்டைவிரல் வெளியே வந்துவிட்டது.

பந்து தொம்மென்று விழுந்தது. பழைய கோயில், பீடத்தைப் பார்க்கத் தரை லேசாகச் சரியும். நான் வாழ்க்கையில் உருட்டிய பந்துகளிலேயே நேராகப் போனது அது ஒன்றுதான்.

“இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்…” என்று சாமியார் வாசித்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ சாமி” என்றார் பெண்ணின் அப்பா.

கோயிலே அவர் பக்கம் திரும்பியது. சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது வருஷம் ஓலை வாசித்தவர், ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.

“என்ன தடைங்க?”

மாமா கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். “பந்து, சாமி.”

பழைய தமிழ் படித்த சாமியார். அவருக்குப் பந்து என்றால் சொந்தக்காரன். ரத்த உறவில் கல்யாணம் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். முகம் இறுகிவிட்டது.

“எந்த வழியில பந்து? அப்பா வழியா, அம்மா வழியா?”

“பின்வழியா, சாமி” என்றார் மாமா.

எக்ஸ்ரேயில் பெருவிரல் எலும்பில் கீறல் தெரிந்தது. மதுரைப் பயணம் நின்றுபோனது. கல்யாணத்தன்று மாமா ஒரு காலில் கட்டோடும் கையில் கம்போடும்தான் மகளைப் பீடத்துக்கு அழைத்து வந்தார். எல்லாப் போட்டோவிலும் அந்தக் கட்டுதான் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கிறது. தங்கராசு அண்ணன் பந்தியில் என்னைப் பார்த்து, “பிடி எப்படி இருந்துச்சு?” என்றார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விற்றவனையும் கேட்கவில்லை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கோயிலுக்கு வா என்ற அப்பாவையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் என்னைத்தான்.

இன்றைக்கும் எங்கள் கோயிலில் யாருக்கு ஓலை வாசித்தாலும், தடை என்ற சொல் வந்ததும் முன்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். சாமியார் மாறி மூன்றாவது சாமியார் வந்துவிட்டார். அவர் ஏதோ இந்த ஊர் வழக்கம் என்று நினைத்து, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, எல்லோரும் இழுத்து முடித்த பிறகுதான் மேலே வாசிக்கிறார். ஊர்க்காரர்கள் இழுக்கட்டும், அதை நான் பொறுத்துக்கொள்வேன். பெண்கள் பக்கத்தில், அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிற ஸ்டெல்லாவும் ஏன் இழுக்கிறாள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.