நாலு கிலோ நூற்று அறுபது கிராம் காசு

கடல் தாண்டி இருக்கும் என் பிரியமான மைத்துனனுக்கு, அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். இந்த வீட்டில் இடையில் சௌக்கியம் கெட்டது உன் அறை அலமாரிக்கு மட்டும்தான். அதன் கதை கீழே வருகிறது. நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று தவறாமல் எழுதவும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ போனில், "அத்தான், கப்பல் வேலையை விட்டாச்சு. இங்கயே வீடும் வாங்கிட்டேன். அந்த பிஸ்கட் டப்பால கெடக்கற வெளிநாட்டுக் காசையெல்லாம் வித்துடுங்க, இனிமே எனக்கு எதுக்கு?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் உன் அக்காவும் கேட்டாள். "சரிடா" என்று மட்டும் சொன்னாள். பிறகு போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்படியை இன்னொரு தடவை கழுவினாள்.

எனக்குப் பழைய காசைப் பற்றி என்ன தெரியும்? முப்பத்து நாலு வருஷம் லாரி எடை மேடையில் உட்கார்ந்தவன். எதைக் கொடுத்தாலும் முதலில் எடை போடத்தான் கை போகும். போட்டேன். டப்பா நீங்கலாக நாலு கிலோ நூற்று அறுபது கிராம். சீட்டில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன், பழக்க தோஷம். எடை தெரிந்துவிட்டது, விலைதான் தெரியவில்லை. விற்கிற பொருள் பார்வையாக இருந்தால் நாலு காசு கூடக் கிடைக்குமே என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. இந்த மாதிரி யோசனையெல்லாம் எனக்கு மட்டும் எங்கிருந்துதான் உதிக்கிறதோ! இரண்டு ட்யூப் பற்பசை, என்னுடைய பழைய பிரஷ், ஒரு வாளித் தண்ணீர். உன் அக்காவும் வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்று தேய்ப்பதற்குள் அவள் ஒன்பது தேய்த்தாள். இரண்டே நாளில் டப்பா முழுக்கக் கண்ணைப் பறித்தது, வீடு முழுக்கப் புதினா வாசனை.

கடைத்தெருவில் கைக்கடிகாரக் கடைக்கு மாடியில் பழைய காசு வாங்குகிற ஒருவர் இருக்கிறார். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு டப்பாவைத் திறந்தார்.

"யாரு சார் இதைத் தேய்ச்சது?"

"நாங்கதான்" என்றேன், பெருமையாக.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "அது அழுக்கு இல்ல சார், வயசு. அந்தக் கருப்புதான் காசுக்கு மரியாதை. தேய்ச்ச காசை எவனும் சீந்தமாட்டான்" என்றார். ஆனால் மனுஷர் நல்லவர். என்னைத் துரத்தாமல், உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். நாடு வாரியாகப் பிரிக்க வேண்டுமாம். நாட்டுக்கு ஒரு காகித உறை, உறை மேல் நாடு, வருஷம், உலோகம். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டுமாம். இணையத்தில் எவனோ கேட்கிற விலையைப் பார்த்து வாயைப் பிளக்கக் கூடாது, உண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று கடையில் காட்டாமல் எங்கேயும் கொடுக்கக் கூடாது, "என்கிட்டயும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார்.

வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். ஒரு வாரம் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம். கண் வலிக்க வலிக்க நாடு வாரியாகப் பிரித்து உறையில் போட்டேன். மறுநாள் பென்ஷன் விஷயமாக வெளியே போய்விட்டு வந்து, உறைகளை அப்படியே பையில் அள்ளிக்கொண்டு மாடி ஏறினேன். கடைக்காரர் முதல் உறையை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "மஞ்சள் காமாலையோட வந்தான். பதினொரு நாள் இருந்தான்." அடுத்தது, "அப்பா தவறினப்ப. ஒரு நாள் பிந்தி வந்தான்." அதற்கடுத்தது, "சண்டை போட்டுக்கிட்டுப் போனான். தப்பு அத்தான் மேலதான்." படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாடு போடலையே சார்?"

நான் இல்லாத நேரத்தில் உன் அக்கா அத்தனையையும் கொட்டி, நீ வந்த தடவை ஒவ்வொன்றுக்கும் ஒரு உறை என்று பிரித்து வைத்திருக்கிறாள். எந்தக் காசு எந்த நாடு என்று அவளுக்குத் தெரியாது. எந்தக் காசு எந்த வரவு என்று மட்டும் ஒன்று விடாமல் தெரியும். அந்தச் சண்டை எதற்கு என்று எனக்கு இன்று வரை ஞாபகம் வரவில்லை. இருந்தாலும் தப்பு என் மேலேயே இருக்கட்டும், மைத்துனா.

"தேய்க்காம ஏதாச்சும் மிச்சம் இருக்கா சார்?" என்று கேட்டார். அப்போதுதான் உன் அறை அலமாரி ஆடுகிறது என்று நீ ஒரு பெரிய காசை அதன் காலுக்குக் கீழே செருகியது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து கடப்பாரையால் நெம்பி எடுத்தேன், கன்னங்கரேலென்று இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். வெள்ளியாம், அபூர்வமாம். டப்பா மொத்தத்துக்கும் கிடைப்பதைப் போல நாலு மடங்கு அந்த ஒன்றுக்கே தருகிறேன் என்றார். எங்கள் கை படாத ஒரே காசு அதுதான் என்பதைக் கவனிக்கவும். மற்ற கடைகளிலும் காட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், முட்டுக்கொடுத்த காசை இழந்த அலமாரி ஒருபக்கமாகச் சாய்ந்து, கதவு தானாகத் திறந்து கிடந்தது. உள்ளே உன் நீலச் சட்டை, நேற்றுத் தைத்து வந்தது மாதிரி. நீ கடைசியாக வந்துபோனதிலிருந்து ஒன்பது வருஷமாக யாரும் போடாத சட்டைக்கு மடிப்பு எப்படிக் கலையவில்லை என்று கேட்டேன். "மாசம் ஒருக்கா இஸ்திரி போடறேன். அதுக்கென்ன இப்போ?" என்றாள்.

ஆகவே மைத்துனா, வெள்ளிக்காசு உட்பட எல்லாவற்றையும் நல்ல விலைக்கு விற்றாயிற்று. அடுத்த வாரம் பணம் உன் கணக்கில் வந்து சேரும். புது வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கிக்கொள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடவும், முழங்காலுக்குத் தைலம் தேய்க்கவும், நீ நூறாண்டு நன்றாக இருக்கவும் நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உன் அக்கா தபால் உறை தேட உள்ளே போயிருக்கிறாள். அதற்குள் எழுதிவிடுகிறேன். மேலே கடைசிப் பத்தி முழுக்கப் பொய். எதிரே உட்கார்ந்து, "வித்தாச்சுன்னே எழுதுங்க, இல்லேன்னா அவன் சங்கடப்படுவான்" என்று அவள்தான் எழுத வைத்தாள். ஒரு காசு கூட விற்கவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் நீ சட்டைப் பையைக் காலி செய்து, "இருக்கட்டும்க்கா, போறப்ப அடுத்த துறைமுகத்துல டீ குடிக்க ஆகும்" என்று டப்பாவில் போடுவாய், போகும்போது மறந்துவிட்டுப் போவாய். நான் டப்பாவும் வெள்ளிக்காசுமாக அடுத்த கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிய நேரம், வாசலில் நின்று கேட்டாள், "இதையும் குடுத்துட்டா அவன் எதை எடுத்துட்டுப் போக வருவான்?" நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். வெள்ளிக்காசு மறுபடி அலமாரிக் காலுக்குக் கீழேதான் இருக்கிறது, கதவும் மூடிக்கொண்டது. உறைகளை அடுக்கும்போது எண்ணினேன், ஒன்று அதிகமாக இருந்தது. காலி உறை. அதன் மேல் இந்த வருஷத்தை எழுதி வைத்திருக்கிறாள். அதில் போடப் பெரிய காசெல்லாம் வேண்டாமடா, உன் சட்டைப் பையில் மிஞ்சியது போதும்.