பாதிக்குப் பாதி

“என்னங்க, இன்னிக்கு எனக்கு வெளியில ஒரு வேலை இருக்கு. மத்தியானச் சமையலை நீங்க பாத்துக்குங்க.”

மனைவி கிளம்பிவிட்டாள். என்ன வேலை என்று பேராசிரியர் கேட்கவில்லை. ஒரு மாதமாகவே அவள் ஏதோ சொல்ல வருவதும், இவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் ‘ம்’ கொட்டுவதுமாக இருந்தது.

ஆண் வேலை, பெண் வேலை என்று எதுவும் கிடையாது, எல்லாம் வளர்ப்பில் வந்த வினை என்று இருபது வருஷமாகத் தொண்டை கிழியச் சமூகவியல் நடத்துகிறவர் அவர். மனைவிக்கும் அதே கல்லூரி, அதே பாடம்தான். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவது இவர் மட்டும். துறைத் தலைவர் பதவிக்கு நேற்று நேர்காணல். “எங்க வீட்டுல எல்லா வேலையும் பாதிக்குப் பாதி” என்று மார்தட்டிவிட்டு வந்திருந்தார். இன்னும் ஒருவரைப் பார்த்துவிட்டு இன்று மதியம் முடிவு சொல்வார்கள். அது சும்மா ஒப்புக்கு. இவர் பெயர்ப்பலகைக்கே ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

பத்தரைக்கு முதல் போன்.

“உப்பு எங்கேம்மா இருக்கு?”

“நீல டப்பா,” என்றாள் அடங்கிய குரலில். “நான் முக்கியமான இடத்துல இருக்கேங்க.”

“நான் மட்டும் சும்மாவா இருக்கேன்?”

நீல டப்பா இரண்டு இருந்தன. மறுபடி கேட்பது கௌரவக் குறைச்சல் என்று ஒன்றைக் குக்கரில் கவிழ்த்தார். சர்க்கரை. அதைச் சரிக்கட்ட மற்றதில் பாதியைக் கொட்டினார்.

அடுத்த போன்.

“குக்கர் விசிலே அடிக்கல. புகைதான் வருது!”

“தண்ணி ஊத்தினீங்களா?”

“தண்ணியை நீ சொல்லவே இல்லையே!”

அடுப்பை அணைக்கத் தோன்றாமல் குக்கரைக் குளிப்பாட்டக் குழாயை வெறிகொண்டு திருகினார். பிடி கையோடு வந்தது. தண்ணீர் கூடத்துக்கு நடையைக் கட்டியது.

“ஐயோ, தண்ணியை எங்கே நிறுத்தறது?”

“குளியலறைக்கு வெளியில, சிவப்பு வால்வு.”

“அப்படி ஒண்ணு நம்ம வீட்டுல இருக்கா?”

“பதினாலு வருஷமா இருக்கு.”

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ நமட்டுச் சிரிப்பு சிரித்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டரைக்கு அழைப்பு மணி அடித்தது. முழங்கால் வரை நனைந்து, முகமெல்லாம் கரியாகக் கதவைத் திறந்தார். கல்லூரிப் பியூன், கையில் இனிப்புப் பெட்டி.

“எனக்குத் தெரியும்யா!”

“இது அம்மா குடுத்துவிட்டது சார். தலைவர் பதவி அவங்களுக்குத்தான்.”

பேராசிரியர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “அந்த இன்னொருத்தர் இவளா? அப்படி என்னய்யா பதில் சொல்லிக் கிழிச்சா?”

“நீங்கதான் அவங்களைப் பேசவே விடலையே சார். ‘உங்க வீட்டுல வேலையை எப்படிப் பிரிச்சுக்கறீங்க?’ன்னு கமிட்டி கேக்கவும் உங்க போன் வந்துது, ஸ்பீக்கர்ல போடுங்கன்னாங்க. மீதியெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க!”