ரக்பியால் போன வேலை

பாசமும் மரியாதையும் மிக்க மாமாவுக்கு,

மருமகனின் வணக்கம். அத்தைக்கு இருமல் நின்றதா, உங்கள் முழங்கால் சொன்னபடி கேட்கிறதா என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். பார்சல் கிடங்கில் நீங்கள் வாங்கித் தந்த வேலை எனக்கு இன்னும் இருக்கிறது. எங்கள் கிடங்கைப் பெருக்கும் அக்காவுக்குத்தான் போய்விட்டது. காரணம் ரக்பி.

எங்கள் மேலாளர் ஏதோ ஒரு நாட்டு ரக்பி அணியைப் பற்றி வீடியோ பார்த்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக ஜெயிக்கிற அணியாம். மறுநாள் காலை லாரியைக்கூட இறக்கவிடாமல் எல்லோரையும் எடைமேடைப் பக்கம் நிற்கவைத்து, "அவங்க ஏன் தோக்கறதே இல்ல, தெரியுமா?" என்றார். மூட்டை தூக்கும் அண்ணன், "நல்லா சாப்பிடுவாங்க சார்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மேலாளர் காதில் வாங்கவில்லை. "மேட்ச் முடிஞ்சதும் கேப்டனே ரூமைப் பெருக்குவாருய்யா! அந்தப் பணிவுதான் வெற்றி!" அன்று சாயங்காலமே அக்காவை நிறுத்திவிட்டார். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். "அந்த டீமுக்கு நான் என்ன தம்பி கெடுதல் பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டார்.

இப்போது நாங்களே பெருக்குகிறோம். மேலாளர் நாற்காலியில் இருந்தபடியே, அடியில் பெருக்க வசதியாக, இரண்டு காலையும் தூக்கிக்கொள்கிறார். அவருடைய பணிவு அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் முன்னால் வீசக்கூடாதாம், பின்னால் வருகிறவனிடம்தான் தரவேண்டுமாம். இதை மட்டும் இங்கே பிசகாமல் ஆடுகிறார்கள். நேற்று ஒரு கண்ணாடிப் பெட்டி உடைந்ததும் பழியை முதலாளி மேலாளரிடம் தள்ள, அவர் சூப்பர்வைசரிடம் தள்ள, சூப்பர்வைசர் என்னிடம் தள்ளினார். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. வந்த கோபத்தில் துடைப்பத்தை மேலாளரிடம் நீட்டி, "சார், கேப்டன் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டேன். கிடங்கே கைதட்டியது.

மாமா, முதலாளி உங்களோடு படித்தவர். அவரிடம் பேசி அக்காவைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். என் வேலை போனாலும் போகட்டும். கூட ஆடுகிறவரைக் கழற்றிவிட்டு எந்த அணி ஜெயித்திருக்கிறது? வீடியோவில் அதைச் சொல்லும் இடம் வரும்போது மேலாளர் ஓட்டிவிட்டுப் பார்த்திருப்பார்.

அத்தைக்கு அன்பு, குட்டிப்பயலுக்கு முத்தம், உங்கள் ஆசி எனக்கு.

உங்கள் மருமகன்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பும்போது மேலாளர் கூப்பிட்டார். "தைரியமா பேசறே. இனிமே இங்க கேப்டன் நீதான்" என்றார். சம்பளமும் கூடுகிறது. ஆகவே முதலாளியிடம் எதுவும் பேச வேண்டாம். வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்க அக்கா வாசல் கேட் அருகே காத்திருந்தார். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது என் கையில் இல்லை என்று விளக்கினேன். "சரிங்க கேப்டன்" என்றார். இதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.