வலது வடம்

பத்து நிமிசமாகச் சைக்கிள் உழக்கியும் சண்முகநாதன் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. அதன் டைனமோவிலிருந்து புறப்பட்ட வயர் கதவிடுக்கால் உள்ளே போய், படக்காரர் சிமியோனின் இருட்டறையில் ஒரு சிவப்பு பல்பை எரித்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சண்டையால் கரண்ட் போய் மூன்று வருசம்.

"அண்ணை, உழக்குங்கோ. வெளிச்சம் சாகுது," என்றார் சிமியோன் உள்ளிருந்து.

"நான் சாகிறது தெரியேல்லையோ?"

ஐம்பத்தெட்டு வயதில் இவ்வளவு பாடும் ஒரு கயிற்றுக்காக. உரும்பிராயில் அவருடைய ஊர்க்கோயில் தேருக்கு இரண்டு வடம். வலது வடத்தில் முதலில் கைவைப்பது தங்கள் குடும்பம் என்பது சண்முகநாதன் கட்சி. இல்லை, தங்கள் குடும்பம் என்பது அருளம்பலம் கட்சி. நாட்டில் வேறு பிரச்சினையே இல்லாத மாதிரி. போன மாதம் பொம்பர் குண்டுபோட வந்தபோது ஒரே பங்கருக்குள் பாய்ந்த இருவரும் அங்கேயும் வலப்பக்கத்துக்குத்தான் முண்டியடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து றங்குப்பெட்டியில் அகப்பட்டது, மலாயாச் சித்தப்பாவின் பெட்டிக் கமரா. உள்ளே கழுவாத பிலிம். முப்பத்தெட்டாம் ஆண்டுத் தேரைப் படம் பிடித்த சித்தப்பா, அதைக் கழுவ முன்னமே காய்ச்சலில் கண்ணை மூடியவர். அப்பா வலது வடம் பிடித்த படம் அதற்குள் இருக்கிறதென்று சண்முகநாதன் ஊரெல்லாம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை கோயில் சபையில் காட்டுவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

பிலிமைக் கழுவிப் பார்த்தால், எட்டுப் படத்தில் ஏழு வெறும் புகை. ஒன்று தேறியது. அதை அடிக்கச் சிமியோனிடம் மிஞ்சியிருந்தது இரண்டே இரண்டு போட்டோத் தாள். முதல் தாளை எடுத்த நேரம் சண்முகநாதனின் கால் ஓய்ந்து பல்பு அணைந்தது.

"அண்ணை, இருட்டிலை பிலிமின்ரை பக்கம் தெரியேல்லை."

"ஏதோ ஒரு பக்கத்தை வையுமன். எனக்கு மூச்சு வாங்குது."

படம் வந்தது. அப்பா தலைப்பாகையோடு நெஞ்சை நிமிர்த்திக் கம்பீரமாக நின்றார். பிடித்திருந்தது இடது வடம்.

சண்முகநாதனுக்கு அழுகை முட்டியது. அரை நிமிசம்தான்.

"சிமியோன், பிலிமைத் திருப்பி வைச்சு அடியும்."

சிமியோன் குருநகர்க் கத்தோலிக்கர். தேரின் வலமும் இடமும் அவருக்கு ஒன்றுதான். திருப்பி வைத்தார். அப்பா வலது வடத்துக்கு வந்து சேர்ந்தார்.

முதல் படத்தைக் கிழித்தெறியத்தான் சண்முகநாதன் நினைத்தார். ஆனால் அது அப்பாவின் முகம், மனம் வரவில்லை. மடிக்குள் செருகிக்கொண்டார்.

சபையில் படம் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் தலையாட்டினார்கள். அருளம்பலம் எழும்பினார்.

"படத்திலை சுத்துமாத்து இல்லையெண்டு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணும். வடத்தை விட்டுத்தாறன்."

கோயில் ஐயர் தட்டில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு வந்தார். சண்முகநாதன் கையை நீட்டினார். பொய்ச்சத்தியம் பண்ணிய சோமசேகரத்துக்கு வாய் கோணிப்போனது அந்த நேரம் பார்த்துத்தானா ஞாபகம் வரவேண்டும்? கை பின்னுக்கு வந்துவிட்டது.

"உது திருப்பி அடிச்ச படம்," என்றார் தரையைப் பார்த்தபடி. "உண்மைப் படம் இது." மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அருளம்பலம் எதற்கும் ஆயத்தமாக வந்திருந்தார். வலது வடம் சந்திர சூரியர் உள்ளவரை தன் பரம்பரைக்கே என்று எழுதிய தாளை நீட்டினார். சண்முகநாதன் கையெழுத்து வைத்தார். சபை முழுக்க அவருடைய நேர்மையை மெச்சியது. அவருக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

படத்தில் தேர்த்தட்டில் நிற்பது தன் தகப்பன் என்று கேள்விப்பட்டு, ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீங்கள் மடிக்குள்ளை ஒளிச்சு வைச்ச படத்திலைதான், சண்முகநாதர், இடம்வலம் மாறிக் கிடக்கு. எங்கடை அப்பா தேரிலை நிண்டுகொண்டு, திவசத்துக்குப் போடுறமாதிரி வலத்தோளிலையோ பூணூல் போட்டவர்?"