வாஷிங் மெஷினில் ஒரு செய்முறைத் தேர்வு

வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து, அதன் பின்பக்கத்துக் கால் ஒன்றை நன்றாகத் தளர்த்திவிட்டார் வாத்தியார்.

பூகோள வாத்தியார். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். மகளோ மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எந்தப் பிரிவு என்று இன்று சாயங்காலத்துக்குள் கல்லூரிக்குச் சொல்லியாக வேண்டும். "அது உனக்கு ஒத்துவருமாம்மா?" என்று கேட்டால், "வரும்ப்பா" என்கிறாள். காலமெல்லாம் வினாத்தாள் தயாரித்தவருக்கு ஒற்றை வார்த்தை விடை போதுமா? அதனால்தான் இந்த ரகசியச் செய்முறைத் தேர்வு. மெஷின் ஆட்டம் போடும். காரணத்தைக் கண்டுபிடித்தால் மெக்கானிக்கல்.

பேப்பர் படித்துவிட்டு வந்து பார்த்தார். மெஷின் சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏதாவது ஆடுற மாதிரி இருக்காம்மா?"

"இல்லையேப்பா. நல்லாத்தானே ஓடுது."

கேள்வி ரொம்பச் சுலபம் போலிருக்கிறது. அவள் அந்தப் பக்கம் போனதும் தண்ணீர் வெளியேறும் குழாயை உருவினார். மெஷின் வயிற்றிலிருந்த அழுக்குத் தண்ணீர் முழுவதும் அவர் மேலேயே கொட்டியது. சட்டை மாற்றிக்கொண்டு வந்தால், தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

'கெட்டிக்காரக் கம்பெனி' என்று வியந்தபடி கடைசிக் கேள்விக்குத் துணிந்தார். மெஷினை நிறுத்தி, பின்மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பர் பெல்ட்டை இழுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்த மறு கையை எடுப்பதற்குள் சட்டைக்கை எதிலோ மாட்டிக்கொண்டது.

"என்னப்பா பண்றீங்க?"

"சோப்பு விழுந்துடுச்சும்மா."

"சோப்பு மேலேயே இருக்கே."

"இது வேற சோப்பு."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "முழங்கையை லேசா மடக்குங்க. ம், இப்போ இழுங்க." கை வந்துவிட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. பெல்ட் இல்லாததைக் கூடக் கவனிக்கவில்லையே, பாவம்.

பின்மூடியை மாட்டி முடித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு கேள்வி வச்சேன். மெஷினை மூணு தடவை கெடுத்தேன். ஒண்ணைக்கூடக் கண்டுபிடிக்கல. இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவராது. ஆசையா இருக்கிற பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"முதல்ல அந்த பெல்ட்டைக் குடுங்க. மாட்டணும்னு கேட்டுட்டுப் போயிருக்கா."

வாத்தியாரின் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது.

"காலையிலேர்ந்து நீங்க கழட்டக் கழட்ட அவதான் மாட்டிட்டிருக்கா. ரிட்டையர் ஆனதும் உங்களுக்கு மெக்கானிக்கல்ல ஆசை வந்திருக்காம், கேட்டா கூச்சப்படுவீங்களாம். இப்பத்தான் வந்து, 'இது அப்பாவுக்கு ஒத்துவராதும்மா, எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல'ன்னு வருத்தப்பட்டுட்டுப் போறா."