இரும்பு ஏறிய டீச்சர்

கண்ணைத் திறந்தபோது கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல் டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பாடத்தைக் கடைத்தெருவில் ஆரம்பித்தது மட்டும்தான் ஞாபகம்.

"அப்பாடா, முழிச்சீங்களா!" என்றாள் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்த தையல்காரி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "கூப்பிட்டேன், உலுக்கினேன், ஹாரன்கூட அடிச்சேன் டீச்சர். நீங்க அசையவே இல்ல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நேரா இங்க வந்துட்டேன்."

"கையும் காலும் ஓடாமலா கார் ஓடுச்சு?"

"அது எப்படி ஓடுச்சுன்னு எனக்கே தெரியல."

"நான் ஒண்ணும் தூங்கல. கண்ணை மூடிக்கிட்டு இன்ஜின் சத்தத்தைக் கவனிச்சேன்."

"கொறட்டை வந்துச்சே?"

"அது கியர்" என்றார் டீச்சர். பிறகு ஏதோ உறைத்தது. "ஆமா, பாலத்தடியில அந்தக் குறுகலான வளைவு இருக்கே, அதைத் தாண்டியா வந்தே? இண்டிகேட்டர் போட்டியா?"

"போட்டேன்."

சொன்னபிறகுதான் அந்த வளைவைத் தான் தனியாகத் தாண்டி வந்தது தையல்காரிக்குப் புரிந்தது. ஸ்டியரிங்கைச் சுட்டதுபோல் விட்டாள்.

ஊரில் டீச்சருக்குப் 'பொறுமை டீச்சர்' என்று பெயர். மற்ற பயிற்சியாளர்கள் எல்லாம் வண்டி கிளம்புவதற்கு முன்பே கத்தத் தொடங்குவார்கள். இவர் வாயே திறக்க மாட்டார். மாணவர்களும் சொல்லிவைத்ததுபோல் பாஸாகி வந்தார்கள். அந்தப் பொறுமையில் பெரும்பகுதி அசதிதான் என்பது அவருக்கும் கணவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். கொஞ்ச காலமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. உட்கார்ந்தால் கண் சொருகியது. கார் இருக்கையோ உட்காருவதற்கென்றே செய்தது.

வாசல்வரை வந்தாகிவிட்டதே என்று உள்ளே போனார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உடம்புல இரும்புச்சத்து சுத்தமா வடிஞ்சுபோயிருக்கு. ஏன்னு அப்புறம் பார்ப்போம். மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"

"சாப்பிட்டேன் டாக்டர். வயிறு ஒத்துக்கல."

"அப்ப நரம்பு வழியா ஏத்திடலாம்."

டிரிப்ஸ் ஏற்றும் நாளன்று கணவரும் கூட வந்தார். டிரைவிங் ஸ்கூலின் ஆபீஸ், மெக்கானிக், டெலிபோன் எல்லாமே அவர்தான். நர்ஸ் நிதானமாக விளக்கினார்: "வாய் கொஞ்சம் கசக்கலாம். தலைவலி, குமட்டல் வரலாம். நாளைக்கு உடம்பு வலி, லேசா காய்ச்சல் இருந்தாலும் பயப்படாதீங்க, போயிடும். ஆனா மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு அடைச்சாலோ, உடம்பு அரிச்சாலோ உடனே சொல்லணும். அது ரொம்ப அபூர்வம். அதுக்குத்தான் நான் பக்கத்துலயே இருக்கேன்."

'அபூர்வம்' என்ற சொல் மட்டும் கணவரின் காதில் விழவில்லை.

"மூச்சு வருதா?" என்று கேட்டார்.

"வருது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இப்ப?"

"வராமலா பதில் சொல்றேன்? சும்மா இருங்க."

"ஊசி போட்ட இடம் எரியுதா?" என்று நர்ஸ் கேட்டார். டீச்சர் "லேசா" என்று சொல்லி முடிப்பதற்குள் குழாயை மூடி, ஊசியை எடுத்து, மற்ற கைக்கு மாற்றிவிட்டார். நர்ஸின் கை இருந்த வேகத்தைப் பார்த்து டீச்சர் அசந்துபோனார். எத்தனை பேருக்குப் பிரேக் மிதிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார், இவ்வளவு கச்சிதமாக யாரும் மிதித்ததில்லை.

"துளி மருந்து வெளியே கசிஞ்சிருக்கு. அந்த இடத்துல பழுப்பா ஒரு கறை நிக்கும். மறைய ரொம்ப நாளாகும்" என்றார் நர்ஸ்.

"பரவாயில்லம்மா. பழைய வண்டின்னா ஒரு கீறல் இருக்கத்தான் செய்யும்."

மறுநாள் நர்ஸ் சொன்னபடியே உடம்பு அடித்துப்போட்டதுபோல் வலித்தது. வாயில் சாவிக்கொத்தைப் போட்டுக் குதப்பியது மாதிரி ஒரு ருசி. கணவர் போர்வைக்கு மேல் போர்வை போர்த்திவிட்டு, "மூச்சு வருதா?" என்றார்.

"போர்வையை எடுத்தா வரும்."

அதெல்லாம் சீக்கிரமே சரியாகிவிட்டது. அதன்பிறகு சில வாரங்களில் நடந்ததுதான் அதிசயம். டீச்சர் மாடிப்படியைப் பேசிக்கொண்டே ஏறினார். கணவர் எழுவதற்குள் காரைக் கழுவி முடித்தார். பகலில் தூக்கம் போன இடம் தெரியவில்லை. கணவருக்குப் பெருமை பிடிபடவில்லை. காற்றடிக்கும் கடையிலிருந்து லைசென்ஸ் அலுவலகம்வரை பார்த்தவர்களிடமெல்லாம், "இரும்பு ஏத்தினோம். ஆளே மாறிட்டா!" என்று சொல்லி மாய்ந்தார்.

ஆள் மாறியதில்தான் தொல்லை ஆரம்பித்தது.

டீச்சர் வெகுகாலத்துக்குப் பிறகு சாலையை முழுசாகப் பார்த்தார். கத்தத் தொடங்கினார். "ஐயோ, லாரி! சைக்கிள்! ஏம்மா, அது தையல் மெஷின் பெடலா? இப்படித் தடதடன்னு மிதிக்கிறே!"

தையல்காரி பதறிக் கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். கார் துள்ளி நின்றது. அம்மாவை டயாலிசிஸுக்கு அடுத்த ஊருக்கு அழைத்துப் போவதற்காகத்தான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சிகிச்சை முடிந்து துவண்டுபோய் வரும் அம்மா, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருவதை அவளால் பார்க்க முடியவில்லை. டெஸ்ட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. காரோ நாற்சந்தியைக்கூடத் தாண்ட மறுத்தது.

சரி, பேசாமல் இருப்போம் என்று டீச்சர் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டார். கத்தல் போய், "ம்ஹூம்! ம்ம்ம்!" என்று முனகல் வந்தது. அது இன்னும் மோசம். நெஞ்சடைக்கிறதோ என்று பயந்து தையல்காரி மறுபடியும் ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டாள்.

அடுத்து, தூங்குவதுபோல் நடித்துப் பார்த்தார். கண்ணை மூடி, குறட்டையும் விட்டார். என்ன ஆச்சரியம்! கார் வெண்ணெயில் கத்தி போலப் போனது. பெருமை தாங்காமல் டீச்சர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். எதிரே பஸ். குறட்டை பாதியில் நின்றது. காரும் பாதி ரோட்டில் நின்றது.

"கொறட்டைதானே வேணும்? நான் விடறேன்" என்று மறுநாள் கணவர் பின்சீட்டில் ஏறினார். ஏறியவர் நிஜமாகவே தூங்கிப்போனார். முதல் மேட்டில் வண்டி குலுங்கியதும் அலறி எழுந்து, "மூச்சு வருதா?" என்று பின்னாலிருந்து தையல்காரியின் தோளைப் பிடித்தார். கார் நடைபாதையில் ஏறிக் குப்பைத்தொட்டியை முத்தமிட்டது.

இறங்கி நின்ற தையல்காரி அழுதேவிட்டாள். "எனக்கு வராது டீச்சர். விட்டுடுங்க."

டீச்சர் அவள் பக்கத்தில் நடைபாதையிலேயே உட்கார்ந்தார். "வரும். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தியே. நான் தூங்கினது உனக்கு நல்லாவே தெரியும்தானே?"

"எல்லாருக்கும் தெரியும் டீச்சர். பாவம், அசந்து தூங்குறாங்க, எழுப்பக்கூடாதுன்னுதான் பூ மாதிரி ஓட்டுவோம். நீங்க முழிச்சிருந்தா என் பயம்தான் எனக்குத் தெரியுது. தூங்கினா உங்களைப் பத்திரமா கொண்டுபோகணும்னு மட்டும்தான் தோணும்."

டீச்சர் இவ்வளவு நாளாகத் தான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக நினைத்திருந்தார். அவர்கள்தான் அவரைத் தூங்கவைத்துச் சுமந்திருக்கிறார்கள்.

"அப்ப ஒண்ணு செய். பின்சீட்ல உன் அம்மா படுத்துத் தூங்குறாங்கன்னு நினைச்சுக்கோ. சிகிச்சை முடிஞ்சு வர்றாங்க. குலுங்கக்கூடாது. பக்கத்துல யார் உக்காந்தா உனக்கென்ன?"

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். அன்று டீச்சர் முழித்துக்கொண்டே வந்தார். வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

டெஸ்ட் நாள். அதிகாரி நெட்டையான மனிதர், கறுப்புக் கண்ணாடி, விறைப்பான சட்டை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தையல்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளம்பலாம்" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

டீச்சரும் கணவரும் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கார் வளைந்தது, பின்னால் வந்தது, மேட்டில் நின்று சறுக்காமல் ஏறியது. வெளிச்சாலைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு வேன் கண்மண் தெரியாமல் ரிவர்ஸில் பாய்ந்து வந்தது. டீச்சரின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தது.

காரோ பதறாமல் வேகம் குறைந்து, ஒரு முழ இடைவெளியில் நின்றது. வேன் போனதும், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் மெல்ல நகர்ந்தது. அதிகாரி இம்மிகூட அசையவில்லை.

"எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம்யா அந்த மனுஷனுக்கு!" என்றார் கணவர்.

டெஸ்ட் முடிந்து, "பாஸ்" என்று அதிகாரி சொன்னதும் தையல்காரி ஓடிவந்து டீச்சரைக் கட்டிக்கொண்டாள். "வேனைப் பாத்தீங்களா டீச்சர்? பாத்தீங்களா?"

"பாத்தேன்டி! கண்ணைத் திறந்து வச்சு, முழுசா பாத்தேன்!" என்றார் டீச்சர்.

அப்போது அதிகாரி அவரைத் தனியாக வரும்படி விரலசைத்தார். ஏதோ தப்புக் கண்டுபிடித்துவிட்டார் என்று டீச்சர் பயந்துகொண்டே போனார். அதிகாரி அக்கம்பக்கம் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, அந்த இரும்பு மருந்து, அதை எந்த ஆஸ்பத்திரில ஏத்துறாங்க மேடம்? வருஷக்கணக்கா நானும் வண்டி கிளம்பினதும் தூங்கிடுறேன், நின்னதும் முழிச்சு பாஸ் போட்டுடுறேன்."