ஓட்டைப் பிரிவில் ஒரு மரங்கொத்தி

ஒரு காட்டில் சிங்கமும் இருந்தது, புலியும் இருந்தது. ஆனால் அங்கே யாரும் அவற்றுக்குப் பயப்படவில்லை. பயந்ததெல்லாம் ஓர் ஆமைக்குத்தான். பெயர் கூர்மநாதன். காட்டுக் கல்லூரியில் பிளேஸ்மென்ட் ஆபீசர். எந்தப் பிள்ளை எந்தக் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போகும் என்று எழுதுகிற பேனா அவர் கையில் இருந்தது. அப்புறம் சிங்கத்துக்கு என்ன மரியாதை?

அந்தக் கல்லூரியில் நிதித்துறை படித்தாள் பவளம். மரங்கொத்தி. தலையில் செக்கச்செவேல் என்று கொண்டை. படிப்பில் முதலிடம். அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் அவளிடம் உண்டு. ஒரு மரத்தை அலகால் மூன்று தட்டுத் தட்டினால் போதும். உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா, உளுத்துப்போயிருக்கிறதா, அடுத்த காற்றுக்குத் தாங்குமா என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் காட்டில் அடர்வனம் விதைநிதி என்று ஒரு கம்பெனி இருந்தது. அணில்கள் மிச்சம் பிடித்த கொட்டைகளை அங்கே டெபாசிட் போடும். மரம் வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி அதைக் கடனாகக் கொடுத்து, மரத்தை அடமானம் எழுதி வாங்கும். எந்த மரம் என்ன பெறும் என்று சொல்வதற்காகவே மதிப்பீட்டுப் பிரிவு. அதில் ஒரே ஓர் இடம் காலி. இன்டர்ன்ஷிப் வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு இரண்டு மாத முடிவில் அந்த இடம் என்று பேச்சு. பவளம் அதற்காகவே பிறந்தவள் போல இருந்தாள். அவள் அம்மா அதற்குள் கூடு கூடாகப் போய், "எம்பொண்ணு மரத்துக்கு விலை சொல்ற ஆபீசராகப் போறா" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

இரண்டாவது ஆள் ஒரு கொக்கு. பெயர் தயாபரன். அவனுக்குச் சிபாரிசு கிடையாது, மாமா கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடந்ததற்கெல்லாம் நீங்கள் வேறு காரணம் கற்பித்துக்கொள்வீர்கள்.

முதல் நாள். மேனேஜர் மாணிக்கவேல் ஒரு பெருச்சாளி. இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் கண் இரண்டும் அலகுகளில் போய் நின்றது.

"ஆபீஸ்ல பஞ்சிங் மெஷின் ரிப்பேரு. மூணு வாரமாச் சொல்லிட்டிருக்கேன், ஒருத்தனும் பார்க்கல. ஃபைல்ல டேக் கோக்க ஓட்டை வேணும். பேப்பருக்கு ரெண்டு. எங்கே, போடுங்க பார்ப்போம்."

"சார், நான் மதிப்பீட்டுப் பிரிவுக்குன்னு..." என்றாள் பவளம்.

"எல்லாத்துக்கும் ஒரு ஆரம்பம் வேணாமாம்மா?"

கொக்கு குனிந்து ஒரு குத்துக் குத்தினான். காகிதம் மேலிருந்து கீழ் வரை கிழிந்தது. இன்னொன்று கொடுத்தார்கள். அதுவும் கிழிந்தது. மூன்றாவதில் மேஜை விரிப்பும் சேர்ந்து கிழிந்தது.

"போதும்ப்பா, போதும். உனக்கு இந்தக் கைவேலையெல்லாம் சரிப்படாது. நீ பேசாம மீட்டிங்ல வந்து நில்லு" என்றார் மேனேஜர்.

பவளம் குத்தினாள். டக், டக். ஓரத்திலிருந்து சரியாக ஒரு விரற்கடை தள்ளி, நிலாவைப் போல வட்டமாக இரண்டு ஓட்டை.

"அடடா!" என்றார் மேனேஜர். பவளத்தின் தலையெழுத்து அந்த ஒரு 'அடடா'வில் முடிந்துபோயிற்று. அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கல்லூரிக்குப் போன் போட்டாள். "சார், இங்கே ஓட்டை மட்டும்தான் போடச் சொல்றாங்க. வேற கம்பெனி ஏதாவது..."

"என்னம்மா நீ? கிடைச்ச இடத்தைப் பயன்படுத்திக்கத் தெரியணும்" என்றார் கூர்மநாதன். "எந்த வேலையும் சின்ன வேலை இல்ல. ஓட்டை போடுறதிலும் கத்துக்க ஆயிரம் இருக்கு."

"என்ன இருக்கு சார்?"

"அதைத்தான் நீ கத்துக்கணும்" என்று சொல்லி ஆமை போனை வைத்துவிட்டார்.

நல்ல பிள்ளைகளிடம் ஒரு கோளாறு உண்டு. சொன்னால் கேட்டுவிடுவார்கள். பவளம் பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது அலகைக் கடித்துக்கொண்டு, பயன்படுத்திக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரே குத்தில் பத்துத் தாள். பிறகு முப்பது. பிறகு ஒரு முழுக் கட்டு. குத்துவதற்கு முன் ஒவ்வொரு பத்திரத்தையும் படித்தாள், தொழில் கற்றுக்கொள்ளலாமே என்று. பேர் பரவிற்று. பக்கத்துப் பிரிவுக்காரர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மேனேஜர் மகளின் கல்யாணப் பத்திரிகைக்குப் பட்டுநூல் கோக்க எழுநூறு ஓட்டை. கேன்டீன்காரர்கூட வடைத் தட்டோடு வந்து, "பாப்பா, நடுவுல ஒண்ணே ஒண்ணு" என்று நின்றார்.

தயாபரன் மீட்டிங்குகளில் நின்றான். ஒற்றைக் காலில், கண்ணை அரைவாசி மூடி. யாரோ கேள்வி கேட்டார்கள். பதில் இல்லை. "எவ்வளவு ஆழமா யோசிக்கிறான் பாருங்க" என்று அறை முழுவதும் கிசுகிசுத்தது. அவன் மீனை நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் ஆற்றங்கரை மருதமரத்தின் பத்திரம் குத்துவதற்கு வந்தது. காட்டு அணில்களின் டெபாசிட்டில் பாதி அந்த ஒரே மரத்தின் பேரில் கடனாகப் போயிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பவளம் பறந்துபோய் மரத்தைத் தட்டினாள். டொம், டொம், டொம். காலிப் பானை மாதிரி. பறந்தடித்துத் திரும்பி வந்தாள்.

"சார், அந்த மருதமரம் உள்ளே சுத்தமா உளுத்துப்போச்சு. ஆடிக் காத்துக்கு நிக்காது. உடனே அணிலுங்களுக்குச் சொல்லிடணும் சார்."

மேனேஜரின் மீசை ஒரு நொடி ஆடி நின்றது. அவர் கோபப்படவில்லை. கதவை மட்டும் சாத்தினார்.

"மரம் விழுந்தா நாம என்ன பண்றதா எழுதியிருக்கோம்?"

"பதினேழாம் பக்கம், மூணாவது வரி சார். 'மரம் விழுந்தால் கொட்டைகளுக்குக் கம்பெனி பொறுப்பு'. பத்திரம் ஒண்ணே ஒண்ணுதான், நம்மகிட்ட இருக்கு. அணிலுங்ககிட்ட வெறும் ரசீது."

"கெட்டிக்காரி. அந்தப் பக்கத்துல மூணாவதா ஒரு ஓட்டை போடு."

"எங்கே சார்?"

"கடைசி வார்த்தை மேல."

பவளம் அசையவில்லை. "ஓட்டை ஓரத்துலதானே சார் போடணும்?"

"டேக் அடிக்கடி கழண்டுடுதும்மா. ஒரு பாதுகாப்புக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "மதிப்பீட்டுப் பிரிவுக்கு வரப்போற பொண்ணு இப்படித் தயங்கலாமா?" என்றார்.

காட்டு அணில் குடும்பங்கள் ஒரு பக்கம். ஒரு நாற்காலி இன்னொரு பக்கம். பவளம் கண்ணை மூடிக்கொண்டாள். டக்.

ஆடி பிறந்து நான்காம் நாள் மருதமரம் விழுந்தது. அணில்கள் திரண்டு வந்தன. அவற்றுக்கு முதலில் டோக்கன் கொடுத்தார்கள். முதல் டோக்கன்காரி, மூன்று குட்டிகளோடு வந்த ஓர் அணில், சத்தம் போட்டாள்.

"மரம் விழுந்தா கம்பெனி பொறுப்புன்னு சொன்னீங்களே! எங்க கொட்டையை எடுத்து வைங்கய்யா!"

மேனேஜர் பதினேழாம் பக்கத்தைப் பிரித்துக் கூட்டத்துக்கே காட்டினார். "நல்லாப் பாருங்கம்மா. 'மரம் விழுந்தால் கொட்டைகளுக்குக் கம்பெனி'. அப்புறம் ஓட்டை. கம்பெனி என்ன? 'வருந்தும்'னு இருந்திருக்கலாம். வருந்துறோம்."

அணில்களுக்குக் குறைதீர்ப்புப் படிவம் வழங்கப்பட்டது. டேக் கோக்க வசதியாக அதில் இரண்டு ஓட்டைகள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. பவளம் அன்று வெளியே தலைகாட்டவில்லை.

இரண்டு மாதம் முடிந்தது. கூட்டம் கூடிற்று. மதிப்பீட்டுப் பிரிவின் புதிய அதிகாரி என்று தயாபரனின் பெயரைப் படித்தார்கள். தயாபரன் காலை மாற்றி நின்றான். கைதட்டல்.

பவளம் மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். "சார், அவனுக்கு மரத்தைத் தட்டவே தெரியாதே!"

"தெரியாதுதான். ஓட்டை போடவும் தெரியாது. அவனை வேற எங்கேம்மா வைக்கிறது?"

"எனக்கு ரெண்டும் தெரியும் சார்."

"அதாம்மா சிக்கலே. உன்னை மேல அனுப்பிட்டா இங்கே யார் ஓட்டை போடுவா? அந்தப் பதினேழாம் பக்கம் இந்தக் கம்பெனியையே காப்பாத்தியிருக்கு. இனி எல்லாப் பத்திரத்துக்கும் அந்த மூணாவது ஓட்டை வேணும்னு மேலிடத்துல முடிவே பண்ணிட்டாங்க."

"மெஷினை ரிப்பேர் பண்ணலாமே சார்?"

"மெஷினுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, ஓர் உத்தரவை நீட்டினார். இன்டர்ன்ஷிப் மேலும் ஓர் ஆண்டு நீட்டிக்கப்பட்டிருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள ஒரு பதவிப் பெயரும் தந்திருந்தார்கள்: முதுநிலைத் துளை ஆலோசகர்.

கல்லூரியில் கூர்மநாதன் அவள் பெயரை 'வேலை பெற்றோர்' பலகையில் எழுதினார். அதோடு விட்டாரா? ஜூனியர் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மேடை ஏற்றினார். தலைப்பு, 'கிடைத்ததைப் பயன்படுத்துவது எப்படி'.

பவளம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் ஏறினாள். வாயைத் திறந்தாள். முன்வரிசையில் அம்மா, சித்தி, ஒன்றுவிட்ட அத்தைகள், மொத்த மரங்கொத்திக் கூட்டமும் உட்கார்ந்திருந்தது. பதவிப் பெயரை ஒழுங்காகச் சொல்ல அம்மா காலையிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"கிடைச்ச வேலையை முழு மனசோட செய்யுங்க. பலன் தானா வரும்" என்றாள் பவளம்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. மறு வருஷம் ஆறு மரங்கொத்திகள் அடர்வனத்துக்கு விண்ணப்பம் போட்டன. கம்பெனி பெருந்தன்மையாக ஆறு பேரையும் எடுத்துக்கொண்டு, ஓட்டைப் பிரிவு என்று தனியாகவே ஒன்றைத் திறந்தது. பிரிவு என்றால் தலைவர் வேண்டாமா? பவளம் தலைநிமிர்ந்து காத்திருந்தாள்.

வெளியூரிலிருந்து ஒரு தவளையை வரவழைத்தார்கள். அதற்கு அலகே கிடையாது.

நீதி: சின்ன வேலையைக் கெடுக்கத் தெரியாதவருக்குப் பெரிய வேலை கிடைக்காது.